பெட்டி எமது, திறவுகோல் யாருடையது?

நான் பத்திரிகைத் துறைக்குள் காலடி வைத்தபோது எமது அச்சகத்தில் இருந்த இயந்திரம் என்னைவிட வயதில் மூத்தது. அதைத் தயாரித்த ஐரோப்பியக் கம்பனி எப்போதோ மூடப்பட்டுவிட்டதாகச் சொல்வார்கள். ஆயினும் இயந்திரம் நிற்கவில்லை. பற்சக்கரம் ஒன்று தேய்ந்துபோனால் மெக்கானிக் அதைக் கழற்றிச் சாக்கில் சுற்றிக்கொண்டு லேத் பட்டறைக்குப் போவார். மாலையில் புதிதாகக் கடைந்தெடுத்த சக்கரத்துடன் திரும்புவார். அன்றிரவு வழமைபோலப் பத்திரிகை அச்சாகும். இதற்காக நாங்கள் எவரிடமும் அனுமதி கேட்டதில்லை. அனுமதி கேட்க வேண்டும் என்ற எண்ணமே எவருக்கும் தோன்றியதில்லை.

அண்மையில் வீட்டு அலுமாரியைத் துப்புரவு செய்தபோது கைக்கு அகப்பட்ட சிறிய பெட்டியொன்று அந்தப் பழைய நினைவைக் கிளறிவிட்டது. ஒரு நாவல் புத்தகத்தின் பருமன்கூட இல்லாத பெட்டி அது. முன்புறத்தில் நான்கு சிறு விளக்குகள். பின்புறத்தில் வலையமைப்புக் கம்பிக்கு ஒரு துளை, யூ.எஸ்.பி. வன்தட்டுகளுக்கு இரண்டு துளைகள். அதன் பெயர் என்.எஸ்.எல்.யூ.2. லிங்சிஸ் நிறுவனம் 2004ஆம் ஆண்டில் சந்தைக்கு விட்டு, 2008இல் உற்பத்தியை நிறுத்திய சாதனம். நான்கே ஆண்டுகள் சந்தையில் இருந்த இந்தப் பெட்டி அதற்குப் பின்னரும் பல ஆண்டுகள் உலகின் பல மூலைகளில் உழைத்துக்கொண்டிருந்தது. தயாரிப்பாளர் கைவிட்ட பின்னரும் அது எவ்வாறு உயிர் வாழ்ந்தது என்பது கணினி வரலாற்றில் சிறியதொரு அத்தியாயம். ஆனால் ஒருவர் காசு கொடுத்து வாங்கிய பொருள் உண்மையில் யாருக்குச் சொந்தம் என்ற பெரிய கேள்வி அதற்குள் அடங்கியிருக்கிறது.

பிரிண்டரில் தொடங்கிய கதை

இந்தக் கதை லிங்சிஸுடன் தொடங்கவில்லை. 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்துக்கு செரொக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்து சேர்ந்தது. அதில் அடிக்கடி தாள் சிக்கிக்கொள்ளும். தாள் சிக்கியவுடன் எல்லோருடைய கணினிக்கும் அறிவித்தல் போகும்படி மென்பொருளைத் திருத்த அங்கு பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டோல்மன் விரும்பினார். முன்னைய பிரிண்டர் ஒன்றில் அவ்வாறான வசதியை அவர் செய்தும் வைத்திருந்தார். ஆனால் புதிய இயந்திரத்தின் மூலநிரல், அதாவது மனிதர் வாசித்துத் திருத்தக்கூடிய வடிவிலான கட்டளைத் தொகுதி, அவருக்குக் கொடுக்கப்படவில்லை. அந்த நிரலைக் கையில் வைத்திருந்த இன்னொரு பல்கலைக்கழகத்து ஆய்வாளரிடம் நேரில் போய்க் கேட்டார். வெளியிடுவதில்லை என்று உறுதிமொழி கொடுத்திருப்பதாகக் கூறி அவரும் மறுத்துவிட்டார்.

அந்த மறுப்பு ஸ்டோல்மனின் மனதில் ஆறாத வடுவாக நின்றது. 1983 செப்டெம்பரில் அவர் குனூ என்ற சுதந்திர மென்பொருள் திட்டத்தை அறிவித்தார். 1989இல் குனூ பொது உரிமத்தின் முதற் பதிப்பும் 1991இல் இரண்டாவது பதிப்பும் வெளிவந்தன. இந்த உரிமத்தின் சாரம் எளிமையானது. இந்த மென்பொருளை எவரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் இன்னொருவருக்குக் கொடுக்கும்போது மூலநிரல் பெறும் உரிமையையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். பெற்ற சுதந்திரத்தை அடுத்தவருக்கு மறுக்கலாகாது.

அதே 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை எழுதத் தொடங்கினார். மறு ஆண்டே அதைக் குனூ பொது உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். ஏறத்தாழ இதே காலத்தில் அவுஸ்திரேலியாவின் கன்பராவில் அன்ட்ரூ டிரிட்ஜல் என்ற ஆய்வு மாணவர், வேறு கணினிகளில் உள்ள கோப்புகளை விண்டோஸ் கணினிகள் தமது சொந்தக் கோப்புகள் போலவே திறக்க வழிசெய்யும் மென்பொருளொன்றை எழுதிக்கொண்டிருந்தார். அதுவே பின்னர் சம்பா என்று பெயர் பெற்றது. கோப்புப் பரிமாற்ற நெறியின் எஸ், எம், பி என்ற மூன்று எழுத்துகளும் வரும் சொல்லைக் கணினி அகராதியில் தேடியபோது கிடைத்த பெயர் அது.

லினக்ஸ், குனூ கருவிகள், சம்பா ஆகிய மூன்றும் ஒன்று சேர்ந்தால் ஒரு கோப்புச் சேமிப்பகம் தயாராகிவிடும். ஒரு மலிவான செயலி, சிறிதளவு நினைவகம், ஒரு வலையமைப்புத் துளை ஆகியவற்றைச் சேர்த்துவிட்டால் கடையில் விற்கத்தக்க பெட்டியும் தயார். வீட்டில் உள்ள எல்லாக் கணினிகளும் பொதுவாகப் பயன்படுத்தக்கூடிய வலையமைப்புச் சேமிப்பகங்கள் 2000க்குப் பின்னர் மலிவு விலையில் வந்து குவிந்ததன் இரகசியம் இதுதான். மென்பொருளுக்கென்று கம்பனிகள் உரிமக் கட்டணம் எதையும் செலுத்தவில்லை. அவர்கள் செலுத்த வேண்டியிருந்தது ஒரேயொரு விலை: மூலநிரலைக் கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும். பல கம்பனிகள் அதைக் கொடுக்க மறந்தன, சில மறுத்தன.

2003ஆம் ஆண்டுத் தகராறு

லிங்சிஸ் நிறுவனம் 2002 டிசெம்பரில் டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்ற வீட்டுப் பாவனைக்கான கம்பியில்லா றவுட்டரை வெளியிட்டது. 2003இல் அந்த நிறுவனத்தைச் சிஸ்கோ ஏறக்குறைய 50 கோடி டொலருக்கு வாங்கியது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், இந்த றவுட்டருக்குள் ஓடுவது லினக்ஸ்தான் என்றும் ஆனால் அதன் மூலநிரல் வெளியிடப்படவில்லை என்றும் லினக்ஸ் மென்பொருளாளர்களின் மடலாடற் குழுவில் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டப்பட்டது.

சிஸ்கோவின் நிலை சங்கடமானது. றவுட்டரின் சில்லைச் செய்தது புரோட்கொம் என்ற நிறுவனம். அதன் மீது மென்பொருளை அமைத்துக் கொடுத்தது தாய்வானின் சைபர்டான். அதை வாங்கித் தன் பெயரில் விற்றது லிங்சிஸ். லிங்சிஸை வாங்கியது சிஸ்கோ. இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நின்றவர், முதற் கண்ணியில் இருந்தவர் எதை எங்கிருந்து எடுத்தார் என்பதை அறிந்திருக்கவில்லை. ஆனால் விற்றவரே பொறுப்பாளி என்பதுதான் பதிப்புரிமைச் சட்டம். ஈற்றில் மூலநிரல் வெளியிடப்பட்டது. அதை அடித்தளமாகக் கொண்டே 2004இல் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மாற்று இயங்குதளம் பிறந்தது. பழைய றவுட்டர்களுக்கும் சேமிப்பகங்களுக்கும் அது இன்றுவரை உயிரூட்டி வருகிறது.

அதே 2004இல் ஜேர்மனியின் மியூனிக் நீதிமன்றம் இன்னுமொரு கம்பனியின் விடயத்தில் ஒரு தீர்ப்பை வழங்கியது. லினக்ஸின் ஒரு பகுதியை எழுதிய ஹெரால்ட் வெல்ட், தனது நிரலை உரிம நிபந்தனைகளை மீறிப் பயன்படுத்திய சைட்கொம் என்ற நிறுவனத்துக்கு எதிராக இடைக்காலத் தடையுத்தரவு பெற்றார். குனூ பொது உரிமம் வெறும் நல்லெண்ணக் கோரிக்கை என்றும் நீதிமன்றத்தில் நிற்காது என்றும் சொல்லி வந்தவர்களுக்கு அது தக்க பதிலாக அமைந்தது.

நான் குறிப்பிட்ட சிறிய பெட்டி சந்தைக்கு வந்தது இந்தப் பின்னணியில்தான். ஒரு வருடத்துக்கு முன்னர் பட்ட அனுபவத்தினால் லிங்சிஸ் இம்முறை மூலநிரலைத் தனது இணையத்தளத்தில் தரவிறக்க வைத்திருந்தது. கதவின் பூட்டு திறந்திருந்தது. தள்ளிப் பார்ப்பதற்குத்தான் ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

ஓடில்லாத நத்தை

என்.எஸ்.எல்.யூ.2 என்ற பெயரை ஆர்வலர்கள் உச்சரித்துப் பார்த்து, ஆங்கிலத்தில் ஓடில்லாத நத்தையைக் குறிக்கும் 'ஸ்லக்' என்ற சொல்லையே அதற்குச் செல்லப்பெயராக்கினார்கள். பொருத்தமான பெயர்தான். அதன் நினைவகம் 32 மெகாபைட். மென்பொருளைப் பதித்து வைக்கும் பிளாஷ் நினைவகம் 8 மெகாபைட். இன்றைய கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படம் இந்த 8 மெகாபைட்டுக்குள் அடங்காமற் போகக்கூடும். இன்டெல் நிறுவனத்தின் எக்ஸ்ஸ்கேல் வகைச் செயலி 266 மெகாஹேர்ட்ஸ் வேகத்தில் ஓட வல்லது. ஆனால் ஆரம்பகாலப் பெட்டிகளில் அது 133இல்தான் ஓடியது. சுற்றுப்பலகையில் இருந்த ஒரு சிறு மின்தடையை அகற்றிவிட்டால் வேகம் இரு மடங்காகும் என்பதை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். பின்னர் வந்த பெட்டிகளில் கம்பனியே முழு வேகத்தை அனுமதித்துவிட்டது.

ஏறக்குறைய நூறு டொலர் விலை, விசிறியில்லாத அமைதி, மிகக் குறைந்த மின்செலவு ஆகிய மூன்றும் சேர்ந்து இரவு பகலாக ஓட விடத்தக்க ஒரு கணினியாக அதை ஆக்கின. கம்பனியோ அதைக் கோப்புச் சேமிப்புக்கு மட்டுமே விற்றது.

ஆர்வலர்களின் முதல் வேலை உள்ளே நுழைவது. பெட்டி தன்னோடு இணைக்கப்பட்ட வன்தட்டை லினக்ஸ் முறையிலேயே வகுத்து வைத்தது. ஆகவே வன்தட்டைக் கழற்றி லினக்ஸ் கணினியொன்றில் பொருத்தினால் கோப்புகள் அப்படியே தெரிந்தன. பெட்டியின் இணையப் பக்கங்களுக்குள் தொலைநுழைவைத் திறந்துவிடும் மறைவான பக்கமொன்றும் இருப்பது தெரியவந்தது. தயாரிப்பாளர்கள் சோதனைக்காக வைத்துவிட்டு அகற்றாமற் போனது போலும். இவ்வகை நுழைவுகளைப் பற்றி ஜிம் பஸ்பி என்பவர் எழுதிய கட்டுரைகள் பரவலாக வாசிக்கப்பட்டன.

விரைவிலேயே ஒரு தொண்டர் அணி திரண்டது. அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த ரொட் விட்பி அதன் முன்னோடிகளில் ஒருவர். அவர்களின் முதற் பெரும் படைப்பு 'அன்ஸ்லங்' என்ற மாற்று நிலைபொருள். நிலைபொருள் என்பது சாதனத்தினுள் நிலையாகப் பதிக்கப்பட்டு, மின்சாரம் வந்தவுடன் தானாக எழுந்து இயங்கும் மென்பொருள். அன்ஸ்லங் ஒரு நடுவழியை மேற்கொண்டது. கம்பனியின் லினக்ஸ் கருவையும் நிர்வாகப் பக்கங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு, இயங்குதளத்தின் ஏனைய பகுதிகளை வெளியே உள்ள யூ.எஸ்.பி. வன்தட்டுக்கு இடம்பெயர்த்தது. 8 மெகாபைட் என்ற சிறைச்சுவர் அத்துடன் இடிந்தது. இசை வழங்கி, பிரிண்டர் பகிர்வு, இணையத்தள வழங்கி என்று நூற்றுக்கணக்கான மென்பொருட் பொதிகள் குவிந்தன. சிலர் அதைத் தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையமாகவும் ஆக்கினார்கள்.

இன்னொரு பிரிவினர் கம்பனியின் மென்பொருளை முற்றாகக் களைந்துவிட்டுப் புதிய கருவுடன் கூடிய தூய இயங்குதளத்தைப் பதிக்க விரும்பினார்கள். ஓப்பன்ஸ்லக் என்றும் பின்னர் ஸ்லக்ஓ.எஸ். என்றும் அது அறியப்பட்டது. அடுத்த பெரிய பாய்ச்சலை நிகழ்த்தியவர் மாட்டின் மிக்கல்மாயர். 2003 முதல் 2005 வரை டெபியன் திட்டத்தின் தலைவராக இருந்தவர். 2007 ஏப்ரலில் வெளியான டெபியன் 4.0 பதிப்பு, பெரிய வழங்கிக் கணினிகளில் ஓடும் அதே இயங்குதளத்தை இந்த ஓடில்லாத நத்தையிலும் முறைப்படி நிறுவ வழிசெய்தது.

இங்கு ஒரு தொழில்நுட்பச் சுவை உண்டு. திகதியைச் சிலர் நாள், மாதம், ஆண்டு என்றும் வேறு சிலர் ஆண்டு, மாதம், நாள் என்றும் எழுதுவதுபோல, செயலிகளும் ஒரு பெரிய எண்ணை நினைவகத்தில் எழுதும்போது எந்த முனையிலிருந்து தொடங்குவது என்பதில் இரு மரபுகளைக் கொண்டுள்ளன. எக்ஸ்ஸ்கேல் செயலிக்கு இரண்டு மரபும் தெரியும். லிங்சிஸ் பெரிய முனையிலிருந்து எழுதும் மரபைத் தெரிந்தது. டெபியனோ சிறிய முனையிலிருந்து எழுதுவது. ஒரே இரும்பில் இரண்டு எழுத்துமுறைகள். ஒன்றுக்காக எழுதப்பட்ட நிரல் மற்றதில் ஓடாது. தொண்டர்கள் இந்த வேறுபாட்டை ஈடுசெய்ய வேண்டியிருந்தது.

நிறுவும் சடங்கு

திரையோ விசைப்பலகையோ இல்லாத பெட்டியில் இயங்குதளத்தை எவ்வாறு நிறுவுவது? அதில் ஒரு சடங்கின் ஒழுங்கு இருந்தது.

முதலில் பெட்டியில் இருக்கும் மூல நிலைபொருளுக்குப் பிரதி எடுத்து வைக்க வேண்டும். திரும்பி வருவதற்கான பாதையை முதலில் உறுதி செய்துகொள்வது விவேகம். பின்னர் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பின்புறத்துச் சிறு துளைக்குள் கடதாசிக் கிளிப்பின் முனையை நுழைத்து மீளமைப்புப் பொத்தானை அழுத்தியவாறே மீண்டும் மின்சாரத்தைக் கொடுக்க வேண்டும். முகப்பு விளக்கு முதலில் மஞ்சள் கலந்த செம்மையாக ஒளிரும். ஏறத்தாழ பத்து வினாடியில் அது சிவப்பாக மாறும். மாறிய அந்தக் கணத்தில் விரலை எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் பெட்டி வழமைபோல இயங்கத் தொடங்கிவிடும். மீண்டும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

சரியாகச் செய்தால் விளக்கு நிறம் மாறி மாறி மின்னும். பெட்டி புதிய நிலைபொருளை ஏற்கத் தயார் என்பதற்கு அதுவே அடையாளம். பக்கத்துக் கணினியில் இருந்து வலையமைப்புக் கம்பி வழியே அது அனுப்பி வைக்கப்படும். எழுதி முடியும் வரை மின்சாரம் தடைப்படாதிருக்க வேண்டும். தடைப்பட்டால்? வேறு பல சாதனங்கள் அத்துடன் உயிரற்ற செங்கல்லாகிவிடும். ஆனால் இந்தப் பெட்டியில் முதலில் விழித்தெழும் ரெட்பூட் என்ற சிறு நிரல் தனியிடத்தில் தொடப்படாமல் இருந்தது. அது உயிரோடு இருக்கும்வரை மறுபடியும் கிளிப்பை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கலாம். ஆயிரக்கணக்கானோர் அச்சமின்றி முயன்று பார்த்ததற்கு இந்த மீட்சி வழியும் ஒரு காரணம்.

பின்னர் இன்னொரு கணினியில் அமர்ந்து, மறைகுறியாக்கப்பட்ட தொலைநுழைவு மூலம் பெட்டிக்குள் புகுந்து, அதனுள் ஓடும் நிறுவுநிரலின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். வன்தட்டை வகுக்கும்போது அதன் ஒரு பகுதியைத் துணை நினைவகமாக ஒதுக்க மறக்கலாகாது. 32 மெகாபைட் மாத்திரம் போதாது. நிறுவி முடிய மணித்தியாலங்கள் செல்லும். இரவில் தொடங்கிவிட்டு உறங்கப் போவது பலருக்கு வழக்கம்.

இவ்வளவு சுதந்திரத்துக்கு நடுவே ஒரு முள்ளும் இருந்தது. வலையமைப்புப் பகுதியை இயக்குவதற்கு இன்டெலின் மூடிய நுண்நிரல் ஒன்று அவசியம். இயக்கியைத் தொண்டர்கள் புதிதாக எழுதினார்கள். லினக்ஸ் கருவுக்குள்ளும் சேர்ந்தது. ஆனால் அந்த நுண்நிரல் மட்டும் இன்டெலின் உரிமத்துக்குள்ளேயே நின்றது. தனது கொள்கையின்படி டெபியன் அதைத் தன் நிறுவுகோப்பில் சேர்க்க மறுத்தது. ஆகவே பயனாளர்கள் அதைச் சேர்த்த தனிக் கோப்பை வேறிடத்தில் தரவிறக்க வேண்டியிருந்தது. ஊரெல்லாம் திறந்து கிடந்தும் வாசற்படியில் மட்டும் ஒருவர் வரி கேட்பது போன்ற நிலை.

நீதிமன்றமும் புதிய பூட்டும்

சிஸ்கோவுடனான பிரச்சினை 2003உடன் முடியவில்லை. அடுத்தடுத்து வந்த லிங்சிஸ் தயாரிப்புகளிலும் உரிம மீறல்கள் தொடர்வதாகக் கூறி, சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை 2008 டிசெம்பரில் நியூயோர்க் நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்தது. 2009 மே மாதத்தில் இணக்கப்பாடு எட்டப்பட்டது. லிங்சிஸில் சுதந்திர மென்பொருள் விவகாரங்களுக்கென ஒரு பணிப்பாளரை நியமிக்கவும் அறக்கட்டளைக்கு நிதிப் பங்களிப்புச் செய்யவும் சிஸ்கோ ஒப்புக்கொண்டது.

இதற்கிடையில் கம்பனிகள் புதிய வழியொன்றைக் கற்றிருந்தன. மூலநிரலைக் கொடுத்துவிடுவது, ஆனால் திருத்திய நிரலைப் பெட்டி ஏற்காதபடி இலத்திரனியல் கையொப்பத்தால் பூட்டிவிடுவது. டிவோ என்ற தொலைக்காட்சிப் பதிவுச் சாதனம் இதற்குப் பேர்போனது. இதைத் தடுக்கும் நோக்கில் 2007 ஜூனில் குனூ பொது உரிமத்தின் மூன்றாவது பதிப்பு வெளிவந்தது. பாவனையாளருக்கான சாதனத்தோடு மென்பொருளைக் கொடுத்தால், திருத்திய மென்பொருளை அதில் நிறுவுவதற்கான தகவலையும் கொடுக்க வேண்டும் என்று அது விதித்தது. ஆனால் லினக்ஸ் கரு இரண்டாவது பதிப்பிலேயே தொடரும் என்று டோர்வால்ட்ஸ் தீர்மானித்தார். சாதனத்தைத் தயாரிப்பவரின் வடிவமைப்பில் தலையிடுவது உரிமத்தின் வேலை அன்று என்பது அவரின் வாதம். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. எனினும் விளைவு, பூட்டப்பட்ட பெட்டிகள் பெருகியதுதான்.

கைவிடப்பட்ட பெட்டிகளுக்கு நேர்ந்தது

இதெல்லாம் சில ஆர்வலர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தவர்களுக்கு 2021 ஜூன் மாதம் ஒரு பாடத்தைக் கற்பித்தது. வெஸ்டேர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் மை புக் லைவ் என்ற சேமிப்பகத்தை வைத்திருந்த பலர், ஒரு காலையில் பெட்டியைத் திறந்தபோது உள்ளே எதுவும் இருக்கவில்லை. குழந்தைகளின் புகைப்படங்கள், தொழில் ஆவணங்கள், பல்லாண்டுச் சேகரிப்புகள் எல்லாமே ஒரே இரவில் அழிந்திருந்தன. இணையத்தின் வழியே எவரோ அப்பெட்டிகளைத் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும்படி கட்டளையிட்டிருந்தார்கள்.

2010இல் அறிமுகமான அந்தப் பெட்டிக்கு 2015இன் பின்னர் எந்தத் திருத்தமும் வழங்கப்படவில்லை. ஆராய்ந்து பார்த்தபோது இன்னுமொரு வேதனையான உண்மை வெளிப்பட்டது. மீளமைப்புக்கு முன்னர் கடவுச்சொல்லைக் கேட்பதற்கான வரிகள் நிரலில் எழுதப்பட்டே இருந்தன. ஆனால் அவை செயற்படாத குறிப்பு வரிகளாக மாற்றப்பட்டிருந்தன. காவலாளி வாசலில்தான் இருந்தான், கைகள் கட்டப்பட்டிருந்தன. பெட்டியை உடனே இணையத்திலிருந்து துண்டிக்குமாறு அறிவுறுத்திய நிறுவனம், பின்னர் இழந்த தரவுகளை மீட்டுக்கொடுக்கும் சேவையையும் வழங்க முன்வந்தது.

2024 ஏப்ரலில் டி-லிங்க் நிறுவனத்தின் பழைய சேமிப்பகங்களின் முறை வந்தது. நிலைபொருளுக்குள் கடவுச்சொல்லே இல்லாத நிரந்தரக் கணக்கொன்று பதிந்திருப்பது பகிரங்கமானது. 92,000க்கும் அதிகமான பெட்டிகள் இணையத்தில் திறந்து கிடப்பதாகக் கணக்கிடப்பட்டது. அவற்றின் ஆதரவுக் காலம் முடிந்துவிட்டது, திருத்தம் வராது, பெட்டியை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே நிறுவனத்தின் பதில். பெட்டிகளோ நன்றாக இயங்கிக்கொண்டிருந்தன.

ஆனால் இந்த இரண்டு நிகழ்வுகளிலும் ஒரு சிறு கூட்டத்துக்கு வேறு வழி இருந்தது. மை புக் லைவ் பெட்டியில் ஓப்பன்டபிள்யூஆர்டியை நிறுவலாம். பாதிக்கப்பட்ட டி-லிங்க் பெட்டிகளில் சிலவற்றுக்கு ஜோவோ கார்டோசோ என்பவர் உருவாக்கிய ஆல்ட்-எஃப் என்ற மாற்று நிலைபொருள் இருந்தது. டி-லிங்கின் முன்னைய பெட்டியான டி.என்.எஸ்.-323, வன்தட்டில் 'ஃபன்_பிளக்' என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தால் அதைக் கேள்வியின்றி இயக்கும் பழக்கம் கொண்டது. அந்தச் சிறு துவாரத்தின் வழியாகவே ஆர்வலர்கள் பல ஆண்டுகள் அதற்குப் புதிய வேலைகளைக் கற்பித்து வந்தார்கள். கம்பனி அறைந்து சாத்திய கதவை உரிமையாளரே திறந்துகொள்ள முடிந்தது, திறவுகோல் அவர் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தபடியால்தான்.

இதை மந்திரக்கோல் என்று நான் சொல்ல வரவில்லை. தொண்டர்களின் கவனிப்புக்கும் ஆயுள் உண்டு. காலப்போக்கில் டெபியனும் எமது ஓடில்லாத நத்தைக்கு விடை கொடுத்தது. இயங்குதளம் வளர்ந்துகொண்டே போனது. 32 மெகாபைட் வளரவில்லை. ஆயினும் 2019 முதல் லினஸ் வாலே என்ற பொறியியலாளர் அந்தச் செயலிக் குடும்பத்துக்கான நிரலை லினக்ஸ் கருவுக்குள் புதுப்பித்து எழுதினார். பழைய இரும்பின் மீதுள்ள பற்றைத் தவிர அதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மூலநிரல் எல்லோர் கையிலும் இருக்கும்போது, கைவிடப்பட்டதை எவரேனும் ஒருவர் மீண்டும் கையிலெடுக்கும் வாய்ப்பு எஞ்சியிருக்கிறது. மூடிய நிரலுக்கு அந்த வாய்ப்பு அரிது.

வீட்டில் பழைய சேமிப்பகம் வைத்திருப்பவர்களுக்கு மூன்று விடயங்களைக் கூறலாம். அதை இணையத்துக்கு நேரடியாகத் திறந்து வைக்காதீர்கள். மாற்று இயங்குதளம் நிறுவினாலும் அதற்கான புதிய திருத்தங்கள் வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பெட்டியானாலும், அதில் உள்ளவற்றுக்கு இன்னோரிடத்தில் பிரதி ஒன்று இருக்கட்டும். வன்தட்டின் மரணத்தை எந்த இயங்குதளமும் தடுத்ததில்லை.

சட்டங்கள் இப்போது மெல்ல விழிக்கின்றன. இணையத்தோடு இணையும் சாதனங்களுக்கு எவ்வளவு காலம் பாதுகாப்புத் திருத்தம் வழங்கப்படும் என்பதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற பிரித்தானியச் சட்டம் 2024 ஏப்ரல் 29இல் நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையப் பாதுகாப்புச் சட்டமும் 2024 டிசெம்பரில் அமுலுக்கு வந்தது. அதன் பிரதான கடப்பாடுகள் 2027 டிசெம்பர் 11 முதல் பொருந்தும். இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் இவை கவனிப்பது தயாரிப்பாளர் எவ்வளவு காலம் காவல் இருக்க வேண்டும் என்பதைத்தான். காவல் முடிந்து அவர் புறப்படும்போது திறவுகோலை உரிமையாளரிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்று இவை கட்டாயப்படுத்தவில்லை.

எமது அச்சகத்து மெக்கானிக்குக் கணினி தெரியாது. ஆனால் தேய்ந்த பற்சக்கரத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு அவர் பட்டறைக்குப் புறப்பட்டபோது அவரைத் தடுக்க ஒருவரும் இருக்கவில்லை. அந்தச் சிறு பெட்டியைத் தூசி தட்டி மீண்டும் மின்சாரத்தில் பொருத்தினேன். முகப்பு விளக்கு மஞ்சள் கலந்த செம்மையாக ஒளிர்ந்தது. அலுமாரியில் எங்கோ கிடந்த கடதாசிக் கிளிப் ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டேன்.